மான்குர்த் வரை நின்றவள்

என் வீட்டுக்காரி அன்னமேரி ஒருத்தியோடு ஒன்பது வருடம் தினமும் பேசினாள். ஆனால் அவள் பெயரைக் கேட்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். முப்பத்தாறு வருடம் அவளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. "ஏட்டி, பேரு கூட கேக்காம என்னத்தத்தான் பேசுவிய ரெண்டு பேரும்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "கூப்புட ஒண்ணு இருக்குல்லா, பொறவு பேரு எதுக்கு?" என்றாள்.

பம்பாய் ரயிலில் தினமும் போய்வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது வடாலாவில். அவள் வேலை பார்த்தது நெரூலில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் ஒரு கம்பெனியில். சாயங்காலம் அவள் ஏறும் வண்டி நெரூலுக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். லேடீஸ் பெட்டியில் ஏறியதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "கஹாங் உத்தர்னா ஹை?" எங்கே இறங்குகிறாய் என்று. அவள் ஸ்டேஷன் பேரைச் சொல்லிவிட்டால் அந்த ஸ்டேஷனிலிருந்து அந்த இடம் உனக்கு. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் வேறொருத்தி குறுக்கே வந்து உட்கார்ந்தால் பெட்டியே அவளோடு சண்டைக்குப் போகும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அன்னமேரி அப்படிக் கேட்டபோது, ஜன்னலோரத்தில் குங்குமப் பொட்டோடு இருந்த ஒருத்தி, "மான்குர்த்" என்றாள். பிறகு இவள் கழுத்துச் சிலுவையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "தமிழா? நீங்க எங்க எறங்கணும் மைனி?" என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணியை மைனி என்போம். "வடாலா" என்றாள் இவள். அவ்வளவுதான் அறிமுகம். அன்றிலிருந்து அவள் மான்குர்த், இவள் வடாலா.

அந்த மான்குர்த் கார்கரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. கார்கரில் ஏறும்போதே உட்கார இடம் கிடைத்துவிடும். அன்னமேரி நெரூலில் ஏறி, அவள் முட்டி ஓரமாக நின்றுகொள்வாள். மான்குர்த் வரைக்கும் இருபது நிமிடம். ஒருத்தி உட்கார்ந்து, ஒருத்தி நின்று, பேச்சோ பேச்சு. அவள் புருஷன் குடி, அவள் முழங்கால் வலி, அவள் மாமியார் ஊரிலிருந்து போனில் பண்ணும் அழும்பு, எல்லாம் அன்னமேரிக்குத் தெரியும். இவள் மட்டும் லேசுப்பட்டவளா? நான் விடும் குறட்டையிலிருந்து எனக்கு வந்த மூலக்கடுப்பு வரைக்கும் மான்குர்த்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முகம் தெரியாத ஒரு பொம்பளைக்கு என் மூலக்கடுப்பைப் பற்றித் தெரியும் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

மான்குர்த் வந்ததும் அவள் எழுந்து, தன் உடம்பாலேயே மறைத்து நின்று, இவளை உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்குவாள். "அவ இருந்த சூடு ஆறமுந்தி உக்காந்துருவேன், ஒடனே கண்ணு சொக்கிரும்" என்பாள் அன்னமேரி. நாள் முழுக்க நின்றே மாத்திரை அடைத்த கால்களுக்கு அந்த இருபத்திரண்டு நிமிடம்தான் ஓய்வு. வீட்டுக்கு வந்தால் நான் இருப்பேன், எனக்குச் சோறு வேண்டும். அப்போதெல்லாம் இதை நான் யோசித்ததே இல்லை.

வாஷிக்கும் மான்குர்த்துக்கும் நடுவே கடல் உள்ளே வரும் இடத்தில் நீளமான பாலம். தண்ணீர் வற்றிய நேரத்தில் கீழே வெறும் சேறு. மார்கழி பிறந்துவிட்டால் அந்தச் சேற்றில் பூநாரைகள் வந்து இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ரோஸ் கலரில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். பெட்டியிலிருக்கும் பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து 'ஃப்ளெமிங்கோ, ஃப்ளெமிங்கோ' என்பார்கள். மான்குர்த் ஒவ்வொரு வருடமும் சொல்வாளாம்: "மைனி, நெரூல் ஏரியில இதுக கிட்டக்கயே வந்து நிக்கிதாம். ஒரு ஞாயித்துக்கெழம போயிப் பாத்துருவோமா?" இவளும், "கண்டிப்பா போவோம்" என்பாள். இருவருக்கும் ஞாயிறு ஒன்றுதான் லீவு. துவைக்க, அரைக்க, கோயிலுக்குப் போக, புருஷனுக்குக் கறி வாங்கிக் குழம்பு வைக்க அது ஒன்றுதான் நாள். ஒன்பது மார்கழி போய்விட்டது.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில், ரயில் நிற்கப் போகிறது என்று பேச்சு அடிபட்ட சனிக்கிழமை, அன்னமேரி ஒரு மாத்திரை அட்டைப் பெட்டியைக் கிழித்து எங்கள் போன் நம்பரை எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறாள். அப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன், அதுவும் என் சட்டைப் பையில். "மான்குர்த் கூப்புடுவா, என்கிட்ட குடுங்க" என்று இவள் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஏழு மாதம் கழித்துப் பெண்கள் ரயிலில் ஏறலாம் என்றார்கள். அன்னமேரி அதே வண்டி, அதே பெட்டி, அதே வாசலில் ஏறினாள். ஜன்னலோரத்தில் யார் யாரோ இருந்தார்கள். மான்குர்த் வரவில்லை. அடுத்த வருடம் மே மாதம், பேலாப்பூரில் ஏறும் ஒரு மராட்டிக்காரி, "மான்குர்த்தில் ஒரு மதராசி ஆயா கொரோனாவில் போய்விட்டாளாம்" என்று சொல்லியிருக்கிறாள். அன்று அன்னமேரி வீட்டுக்கு வந்து சமையல் கட்டில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே அழுதாள். தன் தாய்க்கு அழுத மாதிரி அழுதாள்.

இனி நான் சொல்லப் போவது நான் செய்த காரியம்.

ஜூலை மாதம். நான் வேலை பார்த்த லாரி பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். வீட்டில் வெட்டியாகக் கிடந்தேன். எனக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். அதோடு, யார் யாரோ போன் செய்து கார்டு நம்பர் சொல், ஓடிபி சொல் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"வடாலாவா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமா வடாலாதான், யாரு வேணும்?"

"மைனி இருக்காவளா?"

"எந்த மைனி? பேரச் சொல்லு."

"பேரு... தெரியாதுண்ணே. நான் மான்..." என்றது குரல்.

"பேரு தெரியாம எதுக்குப் போன் பண்ணுத? வை எளவ!" என்று கட் செய்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து, டீயை வாயில் வைத்தபோதுதான் அந்த 'மான்' மண்டையில் உறைத்தது. அலறியடித்துத் திரும்ப அடித்தேன். எடுத்தவன் ஒரு பெட்டிக்கடைக்காரன். "யாரோ ஒரு அம்மா அவசரம்னு போன் கேட்டுச்சு. பேசிட்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போயிருச்சு" என்று ஹிந்தியில் சொன்னான்.

அன்றைக்கே அன்னமேரியிடம் சொல்லியிருக்கலாம். மறுபடியும் கூப்பிடுவாள், அப்போது போனை இவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், நான் கத்தியதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். குளிக்கப் போனால்கூட போனைக் கொண்டு போனேன். அவள் கூப்பிடவே இல்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களுக்காகப் பூசையில் வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் உபதேசியார் நோட்டை விரித்துக்கொண்டு, "அந்த அம்மா பேரு என்ன?" என்று கேட்டார். அன்னமேரி விழித்துவிட்டு, "மான்குர்த்" என்றாள். "அது ஸ்டேஷனுல்லாம்மா" என்றார். "எனக்கு அதாம்யா பேரு" என்றாள். பூசையில் வாசித்தார்கள். மான்குர்த் அவர்களின் ஆன்மா இளைப்பாற. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். மொத்தம் ஐந்து வருடம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அன்னமேரிக்குக் கம்பெனியில் கடைசி நாள். ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், "நாளைக்கு நெரூல் ஏரிக்குப் போவணும்" என்றாள். இன்றோடு தப்பித்தோம் என்று நினைத்தால் மறுபடியும் நெரூலா என்று முறைத்தேன். "அவளுக்கும் சேத்துப் பாத்துட்டு வந்துருதேன். நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன்" என்றாள். அந்த 'அவளுக்கும் சேத்து' எனக்கு நெஞ்சில் குத்தியது. போனேன்.

காலைப் பூசை முடித்து, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். ஏரி என்றால் கடலோரத்தில் கட்டடங்களுக்கும் சதுப்புக் காட்டுக்கும் நடுவே தேங்கிக் கிடக்கும் உப்புத் தண்ணீர். நாலு வெள்ளைக் கொக்கு. சிவப்புக் காலோடு நெட்டையாக நாலைந்து குருவிகள். பூநாரை ஒன்றுகூட இல்லை.

"இதப் பாக்கத்தான் டிக்கெட் எடுத்து வந்தமாக்கும்! கொக்கு நம்ம வீட்டுச் சாக்கடையிலயே நிக்கிது" என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு பெரிய தூரக்கண்ணாடியை நிறுத்திக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தலையில் முக்காடு, காலில் சேறு அப்பிய ஷூ. "தமிழா அங்கிள்? இப்ப கடல் வத்தியிருக்கு. அதுங்க அங்க பாலத்துப் பக்கம் சேத்துல மேயும். தண்ணி ஏற ஏற நிக்க எடமில்லாம இங்க வரும். பதினோரு மணிக்கு மேல பாருங்க" என்றாள். பெயர் ஷமீமா, செம்பூரில் பேங்கில் வேலை. ஞாயிறானால் இதே பிழைப்பாம்.

ஆக, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கருங்கல் மேல் உட்கார்ந்தோம். அன்னமேரி ஏரியைப் பார்க்கவில்லை. பாதையில் போகிற வருகிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி, கேமராக்காரி, நாயோடு ஓடுகிறவள், ஒருத்தியையும் விடவில்லை. செத்தவளைத் தேடுகிறாளே என்று பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நீ யாரட்டி பாக்க?"

"யாரையுமில்ல. கண்ணு அதுபாட்டுக்குப் போவுது" என்றாள். "ஆறு வருசமாச்சு. இன்னும் மான்குர்த் ஸ்டேஷன் வந்தா என் காலு தானா நவுந்து எடம் குடுக்குது. கிறுக்கு மாதிரி."

ஷமீமா ஒரு சின்ன நோட்டைப் பிரித்து அன்னமேரியிடம் காட்டினாள். "சில பறவைங்களுக்குக் கால்ல வளையம் போட்டிருப்பாங்கம்மா, அதுல எழுத்து இருக்கும். பேரெல்லாம் கெடையாது, அந்த எழுத்துதான். இதோ, இந்த ஒண்ண மூணு வருசம் பாத்தேன். ரெண்டு வருசமா வரல. செத்துப்போச்சுன்னு கோடு போட்டு அடிச்சிட்டேன். போன வாரம் வந்து நிக்கிது! எனக்கு அழுகையே வந்திருச்சு."

அன்னமேரி அந்த அடித்த கோட்டை விரலால் தடவினாள். "குடுத்து வச்சவ நீ" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து இட்லி டப்பாவைத் திறந்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏட்டி, அவ கூப்புட்டா."

"யாரு?"

"மான்குர்த்."

டப்பாவை மூடினாள். என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை மாதம், மத்தியானம், வடாலாவா, மைனி இருக்காவளா, பேரு தெரியாதுண்ணே, நான் மான். நான் கத்தியது. பெட்டிக்கடைக்காரன். ஒன்றையும் மறைக்கவில்லை. டப்பாவைத் தூக்கி என் தலையில் எறிவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எந்த ஜூலை?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது அலை முடிஞ்ச பொறவு."

"அந்த மராட்டிக்காரி சொன்னதுக்குப் பொறவா?"

"பொறவுதான்."

"இருமுனாளா?"

"இல்ல."

"மூச்சு வாங்குச்சா?"

"இல்லட்டி. கணீர்னு இருந்துச்சு."

அன்னமேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பம் அவ சாவல" என்றாள். "பதினாறு மாசம்! நான் குடுத்த அந்த அட்டையப் பதினாறு மாசம் தொலைக்காம வச்சிருந்திருக்கா." அப்புறம் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஷமீமா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தாள். அழுகைக்கு நடுவிலேயே அன்னமேரி என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "உயிரோட இருக்கவளுக்கு அஞ்சு வருசம் கல்லறப் பூசை வச்சிருக்கனே, பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னியளே! நீங்கல்லாம் ஒரு மனுசனா?"

"இல்ல" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. அவ என்ன கேட்டா?"

"மைனி இருக்காவளான்னு கேட்டா."

"அப்படித்தான் கேப்பா" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் குரல் எனக்கே வேண்டப்பட்ட குரலாகிவிட்டது. அன்றைக்கு இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு?

பதினொன்றரைக்குத் தண்ணீர் ஏறியது. சதுப்புக் காட்டுக்கு மேலாக, கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பூநாரைகள் வந்தன. முதலில் இருபது, பிறகு நூறு, பிறகு எண்ண முடியவில்லை. இறங்கியதும் தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் விட்டு அலச ஆரம்பித்துவிட்டன. வாத்து மாதிரி ஒரே கலகலப்பு. ஷமீமா அன்னமேரியைக் கூப்பிட்டுத் தூரக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னாள். அவள் ஒற்றைக் கண்ணை வைத்து வெகு நேரம் பார்த்தாள். "எம்மாடி, கண்ணு மஞ்சளா இருக்கு. எறகுக்கு உள்ளாற செக்கச்செவேல்னு இருக்கு. பாலத்துல இருந்து பாத்தா இதெல்லாம் எங்க தெரிஞ்சுச்சு?" என்றாள். பிறகு என்னைக் கூப்பிடாமலே நகர்ந்துகொண்டாள். நானாகப் போய்ப் பார்த்தேன். எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

"போவோம்" என்றாள் அன்னமேரி. "இன்னுங் கொஞ்ச நேரம் இருங்கம்மா, இப்பதானே வந்துச்சு" என்றாள் ஷமீமா. "பொறவு வருவேம்மா. தனியா வரமாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தாள். ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தோம்.

அன்று ஹார்பர் லைனில், தண்டவாள வேலை என்று ஞாயிறுதோறும் வண்டிகளை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இல்லாதது ஒரு அதிசயம். ஒரு மணி வண்டியில் அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள், நான் பக்கத்துப் பெட்டியில். நடுவே கம்பித் தடுப்பு. அதை ஒட்டி நின்றால் அந்தப் பக்கம் தெரியும், பேசுவதும் கேட்கும். ஞாயிறு என்பதால் அவளுக்கு நெரூலிலேயே ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. மடியில் டப்பாவை வைத்து, பாலம் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாஷியில் ஒரு சின்னப் பெண் கைப்பையும் புத்தகமுமாக ஏறி, அவள் அருகே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, கஹாங் உத்தர்னா ஹை?"

இருபது வருடம் ஒரே பதிலைச் சொன்னவள். நானும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

"மான்குர்த்" என்றாள் அன்னமேரி.

வண்டி பாலத்தைத் தாண்டும் வரைக்கும் எனக்கு நிலைகொள்ளவில்லை. மான்குர்த்தில் அவள் எழுந்து, தன் உடம்பால் மறைத்து நின்று, அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். நானும் முண்டியடித்து இறங்கி, பிளாட்பாரத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"எங்கட்டி போற?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா. வீட்ல இருப்பா. தமிழாளுக இருக்க தெருவா பாத்துக் கேப்பேன். இன்னைக்குக் கெடைக்கலைன்னா நாளைக்கு வருவேன். எனக்குத்தான் இனி வேலை இல்லையே."

"மான்குர்த்துல நின்னுக்கிட்டு மான்குர்த் இருக்காளான்னு கேட்டா சிரிப்பானுவட்டி! பேரு தெரியாம என்னன்னு சொல்லிக் கேப்ப?"

அவள் மாடிப்படியில் கால் வைத்தவள் நின்று, ஏரிக்கரையில் நான் அதைச் சொன்னதிலிருந்து முதல்முறையாக என்னைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"வடாலா வந்திருக்கான்னு சொல்லுவேன். அவளுக்கு வெளங்கும்."